நான் ஏன் கோர்ட்டுக்குப் போனேன்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடலூர் ரோட்டில் இருக்கிற நீதிமன்ற வளாகத்தில் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை என் பழைய மாணவி ஒருத்தி பார்த்திருக்கிறாள். பக்கத்தில் வந்து பேசக் கூச்சப்பட்டிருப்பாள் போல. சாயங்காலத்துக்குள் விஷயம் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. பென்ஷன் கேஸா என்று ஒருத்தர், வீட்டை யாராவது ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்களா என்று ஒருத்தர். பாரிசில் இருக்கும் என் சித்தப்பா மகன் ராத்திரி போன் பண்ணி, "அக்கா, உடம்பு நல்லாத்தானே இருக்கு? கோர்ட்டுல என்ன வேலை?" என்று கேட்டான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு பையனுக்காகப் போனேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர், தெரு, வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். "யாராவது ஒரு பையனுக்கு உதவும்னா எழுதுங்க டீச்சரம்மா" என்று அவன் அம்மா சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். அவர் இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அப்பா மில் தொழிலாளி. மில் இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று காத்திருந்தே காலம் போன குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பையன் கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். நன்றாகப் பேசுவான். யாரையும் சிரிக்க வைத்துவிடுவான். அந்தப் பேச்சுதான் பின்னால் அவனுக்கு வினையாகப் போனது.

அந்த வருஷம் வகுப்பில் ஒரு பெண் குழந்தையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. உள்ளே ஐம்பது ரூபாய் வைத்திருந்தாளாம். யார் எடுத்தது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவன் முகமே சொன்னது. ஆனால் நான் அவனைக் கேட்கவில்லை. என் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து அந்தக் குழந்தையிடம் கொடுத்து, "மேசைக்கு அடியில கிடந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளை, வகுப்பில் 'திருடன்' என்று பெயர் வாங்கினால் படிப்பையே விட்டுவிடுவான் என்று பயம். அன்பால் செய்ததாகத்தான் நினைத்தேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எடுத்தது எனக்குத் தெரியும், நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்து வை" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. இப்போது பல ராத்திரி அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பிறகு பல வருஷம் தொடர்பில்லை. நான் ரிட்டையர் ஆகி வீட்டில் இருந்தேன். 2022-இல் அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பார்சல் குடோனில் வேலை பார்த்தான். அங்கே இரண்டு செல்போன் பார்சலைப் பிரித்து எடுத்துவிட்டான் என்று வழக்கு. வேலைக்காரர் தன் முதலாளியின் வசம் இருக்கும் பொருளைத் திருடினால் அது சாதாரணத் திருட்டைவிடப் பெரிய குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 381, ஏழு வருஷம் வரை தண்டனை கொடுக்கலாம். அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளை மறக்க முடியாது. "டீச்சரம்மா, உங்களை விட்டா எனக்குப் படிச்சவங்க யாரையும் தெரியாது" என்றார்.

வழக்கு முடியும்போது 2023 டிசம்பர். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இரண்டு போனின் விலையையும் கட்டிவிட்டார்கள். அம்மாவின் தோடு அதில்தான் போனது. நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. அதில் பிரிவு 4-இன் கீழ், மூன்று வருஷத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவு. நன்னடத்தை அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். ஒரு ஜாமீன்தாரர் பத்தாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் போட்டேன். வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ எல்லாம் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர், "யோசிச்சுப் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அவனுக்கு அன்றைக்கு இருபது வயது என்பது பெரிய பாதுகாப்பு. இருபத்தொரு வயதுக்குக் கீழே இருப்பவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், ஏன் நன்னடத்தையில் விட முடியாது என்று நீதிமன்றம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பிரிவு 6 அப்படிச் சொல்கிறது. 1964-இல் ரத்தன் லால் என்ற பதினாறு வயதுப் பையனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்சாப் மாநில வழக்கு. கீழ் நீதிமன்றம் ஆறு மாதம் கடுங்காவல் கொடுத்திருந்தது. குற்றவியல் சட்டத்தின் நோக்கம் குற்றவாளியைத் தண்டிப்பதைவிடத் திருத்துவதுதான், அதை ஏற்றுக்கொண்டதால் வந்ததுதான் இந்தச் சட்டம் என்று நீதிபதி சுப்பா ராவ் பெரும்பான்மைத் தீர்ப்பில் விளக்கினார். நம் பையனுக்குக் கிடைத்த வாய்ப்பு இப்படிப் பலர் போராடி வந்த வாய்ப்பு.

ஆனால் அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவன் அம்மா மணக்குள விநாயகர் கோயிலில் தேங்காய் உடைத்தார். தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்து, "எம்புள்ளைய விட்டுட்டாங்க" என்று சொன்னார். நானும் எங்கள் வீட்டுக்காரரிடம், "விடுதலை ஆயிட்டான்" என்றுதான் சொன்னேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவள், நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்த சொல்லுக்குப் பொருள் பார்க்கவில்லை.

அந்தப் பத்திரத்தில் விடுதலை என்ற சொல்லே கிடையாது. இந்தக் காலத்துக்குள் எப்போது கூப்பிட்டாலும் வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்கிறேன், அதுவரை ஒழுங்காக நடந்துகொள்கிறேன் என்பதுதான் அதில் இருந்தது. அவன் குற்றவாளி என்று முடிவாகிவிட்டது. என்ன தண்டனை என்று சொல்வதை மட்டும் நீதிமன்றம் தள்ளி வைத்திருந்தது. கடன் மாதிரி யோசித்துப் பாருங்கள். நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வருஷத் தவணை, ஒரு தவணை தவறினாலும் மொத்தத்தையும் கேட்கலாம். நாங்கள் கடனைத் தள்ளுபடி என்று நினைத்து லட்டு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதல் ஒன்றரை வருஷம் நன்றாகவே போனது. நன்னடத்தை அலுவலரைச் சொன்ன தேதியில் போய்ப் பார்த்தான். ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவான். பிறகு வருவது குறைந்தது. வேலை அதிகம் என்றான், நம்பினேன். போன தீபாவளிக்கு வந்தான். கையில் புதுப் போன், காலில் விலை கூடிய ஷூ. எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தான். விலைச் சீட்டைக் கிழிக்க மறந்திருந்தான், 1,850 ரூபாய். மெக்கானிக் ஷெட்டில் உதவியாளாக இருப்பவனுக்கு இது எப்படி என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. பண்டிகை நாளும் அதுவுமாகப் பிள்ளை மனசு நோகக் கூடாதே என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்பில் செய்த அதே தப்பை மறுபடியும் செய்தேன்.

நவம்பரில் போலீசிலிருந்து அவன் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. சனி ஞாயிறு ஆனால் நம் ஊர் எப்படி நிரம்பி வழிகிறது என்று தெரியும்தானே. ஒயிட் டவுனில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதை வைத்துத்தான் வேலை நடந்திருக்கிறது என்பது புகார். இல்லாத ரூமுக்குப் போட்டோ காட்டி, மூன்று குடும்பங்களிடம் மொத்தம் 14,500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியதாக வழக்கு. கூட வேலை பார்த்த பையனின் பழைய போனைத் திருடி, அந்த நம்பரில் பணத்தை வாங்கியதாக இன்னொரு குற்றச்சாட்டு. மோசடி ஒன்று, திருட்டு ஒன்று. அவன் பத்திரக் காலம் முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

பணம் கொடுத்த ஒரு குடும்பம் பெங்களூரிலிருந்து கைக்குழந்தையோடு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து இறங்கி, போட்டோவில் இருந்த வீட்டைத் தேடித் தெருத்தெருவாக அலைந்திருக்கிறது. கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இடம் பிடித்தார்களாம். அவன் மேல் எனக்கு இருக்கும் பாசத்தில் இதை நான் மறந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஏமாந்தவர்களின் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நோட்டீசைப் பார்த்ததும் பையன் ஊரை விட்டே ஓடிவிட்டான். விழுப்புரம் பக்கம் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் ஒளிந்திருந்தான். இரண்டு நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன். "டீச்சர், நான்தான்." பிறகு ஒரே அழுகை. "ப்ரெண்ட்ஸ் எல்லாம் திருப்பூர் போயிடுன்னு சொல்றாங்க டீச்சர். ஆறு மாசம் ஆனா எல்லாரும் மறந்துடுவாங்களாம். நான் போனா நேரா உள்ளதான் வப்பாங்க."

நான் அன்றைக்குத்தான், பதினொரு வருஷம் தாமதமாக, அவனிடம் கேட்டேன். "ஜாமெட்ரி பாக்ஸ எடுத்தது நீதானேடா?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஆமா டீச்சர். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றான்.

"அன்னிக்கு நான் கேட்காம விட்டது தப்பு. இன்னிக்குக் கேட்கிறேன். காலையில முதல் பஸ்ஸுல கிளம்பி வா. வக்கீலைப் பார்ப்போம். ஓடினா உனக்கும் எனக்கும் இனிமே பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலை எட்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் நீங்கள் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

வக்கீல் முதலில் கேட்ட கேள்வி, "இதுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா?" பையன் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றான். நான் பத்திரத்தின் நகலை எடுத்து மேசை மேல் வைத்தேன். வக்கீல் கோபப்படவில்லை. "தம்பி, போலீஸ்கிட்ட இது இருக்கும், கோர்ட்டுகிட்ட இருக்கும். என்கிட்ட மட்டும் இல்லன்னா நான் எப்படிப்பா உனக்காகப் பேசறது?" என்றார். டாக்டரிடம் வியாதியை மறைப்பதும் வக்கீலிடம் பழைய வழக்கை மறைப்பதும் ஒன்றுதான்.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்ததும் கைது செய்துவிடக் கூடாது, நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடலாம் என்பது இப்போதைய நடைமுறை. ஆனால் நோட்டீசுக்குப் போகாமல் ஓடினால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். அவன் இரண்டு நாள் ஓடியிருந்தான், பழைய வழக்கும் இருந்தது. வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனான். கைது செய்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். பதினாறு நாள் காலாப்பட்டு மத்தியச் சிறையில் இருந்தான். பிறகு ஜாமீன் கிடைத்தது. இந்த முறை கையெழுத்துப் போட்டது அவன் தாய்மாமன். நான் போடவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அவன் தலைக்கு மேல் இரண்டு கத்தி தொங்குகிறது.

ஒன்று புதிய வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் ஏமாற்றிப் பணம் பறித்தால் பிரிவு 318(4), ஏழு வருஷம் வரை சிறை. திருட்டுக்குப் பிரிவு 303(2), மூன்று வருஷம் வரை. முதல் முறை தண்டனை பெறுபவராக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை என்று இந்தச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அதே பிரிவில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஒரு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் கடுங்காவல். நம் பையனின் முதல் வழக்கு பழைய சட்டத்தில், வேறு பிரிவில் வந்தது. அதனால் இந்த ஒரு வருஷக் கட்டாயம் அவனுக்குப் பொருந்தாது என்று வக்கீல் வாதாடப் போகிறார்.

இன்னொன்று பழைய வழக்கு. அது செத்துப்போனதாக நாங்கள் நினைத்திருந்தோம். பத்திர நிபந்தனையை மீறினால் நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 9-படி, அவனுக்கும் ஜாமீன்தாரருக்கும் நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம். விசாரித்துவிட்டு, 2022-இல் செய்த அந்தத் திருட்டுக்கே இப்போது தண்டனை கொடுக்கலாம். முதல் தடவைத் தவறு என்றால் 50 ரூபாய் வரை அபராதம் போட்டுவிட்டுப் பத்திரத்தைத் தொடரவும் விடலாம். 1958-இல் எழுதிய ஐம்பது ரூபாய் இன்றைக்கும் ஐம்பது ரூபாய்தான். இதைக் கேட்டதும் அவன் அம்மா முகம் மலர்ந்தது. "கையெழுத்துப் போட ஒரு நாள் போகலன்னா அம்பது ரூபா சரிம்மா. புதுசா ஒரு கேஸே வந்திருக்கு. நாம கேட்டுப் பார்க்கலாம், எதிர்பார்க்க முடியாது" என்றார் வக்கீல்.

இதில் மூன்றாவதாக ஒரு நஷ்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதி இழப்பு கிடையாது என்று பிரிவு 12 சொல்கிறது. பிழைத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் கொடுத்த பெரிய சலுகை அது. ஆனால் பின்னால் அந்தப் பழைய குற்றத்துக்கே தண்டனை பெற்றால் அந்தச் சலுகை போய்விடும். அவன் வயதும் இப்போது இருபத்திரண்டு. பிரிவு 6 என்ற குடையும் இல்லை.

எனக்கு வந்த சம்மனுக்காகத்தான் நான் அன்றைக்குக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டதும் கால் நடுங்கியது. எத்தனையோ கல்வி அதிகாரிகளை, இன்ஸ்பெக்‌ஷனைப் பார்த்தவள்தான். ஆனாலும் அந்த இடம் வேறு. "நீங்கள்தானே ஜாமீன்தாரர்? அவன் நடத்தையைக் கவனித்தீர்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அமைதியாகத்தான் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "முதலில் கவனித்தேன் அய்யா. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை." அவர் எழுதிக்கொண்டார். என் பத்தாயிரம் ரூபாயைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. கட்டச் சொன்னால் கட்டிவிடுவேன், பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

பாரிஸ் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அக்கா, இங்க இதுக்கு சுர்சின்னு பேரு" என்றான். பிரான்சில் 1891-லேயே பெராஞ்சே என்பவர் கொண்டுவந்த சட்டம் அது. முதல் முறை குற்றம் செய்தவரின் தண்டனையை நிறுத்தி வைப்பார்கள். ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லாததுபோல் ஆகிவிடும். நடுவில் மறுபடி சிறைத் தண்டனை வாங்கினால், பழைய தண்டனையை முதலில் அனுபவித்துவிட்டுப் பிறகு புதியதையும் அனுபவிக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் அன்றைக்குச் சொன்னது. நம் ஊருக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வந்ததே 1963 அக்டோபரில்தான். அதற்கு முன்னால் பிரெஞ்சுச் சட்டம். எந்தச் சட்டமாக இருந்தாலும் கணக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. முதல் முறை நம்புவார்கள், நம்பியதை எழுதியும் வைத்துக்கொள்வார்கள்.

நான் ஏன் இரண்டாவது முறை கையெழுத்துப் போடவில்லை? சிலர் டீச்சர் கை கழுவிவிட்டார் என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். இந்த நன்னடத்தை முறையை உலகத்தில் தொடங்கி வைத்தவர் என்று ஒருவரைச் சொல்வார்கள். ஜான் அகஸ்டஸ். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைக்கிற தொழிலாளி. 1841-இல் ஒருநாள் கோர்ட்டில் ஒரு குடிகாரனைப் பார்த்து, இவனை என்னிடம் விடுங்கள் என்று ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து ஆள் அடையாளமே தெரியாமல் திருந்தி வந்து நின்றான். ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1859-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு அவர் இப்படி நின்றாராம். அவர் செய்ததில் கையெழுத்து சின்னப் பகுதிதான். ஒவ்வொருவரையும் விசாரிப்பார், வேலை தேடிக் கொடுப்பார், தங்க இடம் பார்ப்பார், நடத்தையைக் கோர்ட்டுக்குத் தெரிவிப்பார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன், மற்றதை விட்டுவிட்டேன். அதனால் இந்த முறை கையெழுத்தை மாமனுக்கு விட்டுவிட்டு, மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனோடு போகிறேன். சம்பள நாளில் சம்பளக் கவரை என் முன்னால் வைத்து எண்ணுகிறான். வீட்டுக்கு இவ்வளவு, ஏமாந்தவர்களுக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். அந்தப் பணத்தை நாமாகப் போய் அவர்களிடம் கொடுக்கக் கூடாது, சாட்சியைக் கலைப்பதாகிவிடும், எல்லாம் தன் வழியாக, கோர்ட்டுக்குத் தெரிந்து நடக்க வேண்டும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதுவரை 9,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அந்தப் புடவையை நான் ஒரு முறைகூடக் கட்டவில்லை. அதன் விலை 1,850-ஐயும் என் கணக்கில் சேர்த்தேன். அவன் வேண்டாம் என்றான். "தெரியாம வாங்கிட்டேன், தெரிஞ்ச பிறகு வச்சுக்க முடியாதுடா" என்றேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சிறை இல்லை என்று அர்த்தம் கிடையாது. அதை அவனிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது காட்ட ஒரு காரணம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரும் அல்லவா? அதற்காகவே கொடுக்க வேண்டும்.

என் காலத்து ஆட்களுக்கு 'ஏழை படும் பாடு' படம் ஞாபகம் இருக்கும். 1950-இல் வந்தது, நாகையா நடித்தது. விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவலைத் தமிழில் கொடுத்தவர் நம் ஊர் ஆசிரமத்தில் பல வருஷம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார். வெள்ளிச் சாமான் திருடியவனைப் பாதிரியார் மன்னித்து அனுப்புவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மூல நாவலில் அதற்கு அடுத்து வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகிற வழியிலேயே அவன் ஒரு சின்னப் பையனின் காசைப் பிடுங்கிவிடுகிறான். பிறகுதான் உட்கார்ந்து அழுகிறான். அந்த ஒரு காசு பின்னாளில் அவனைத் துரத்துகிறது. மன்னித்த உடனே மனிதன் மாறிவிடுவான் என்று ஹியூகோவே நினைக்கவில்லை. நான்தான் நினைத்திருந்தேன்.

என் பழைய மாணவர்களுக்குச் சில வார்த்தை. உங்களுக்கோ, தெரிந்தவர்களுக்கோ இப்படி ஒரு பத்திரம் இருந்தால், அதை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். என்றைக்கு முடிகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வேலை மாறினாலோ வீடு மாறினாலோ நன்னடத்தை அலுவலரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை. வேலை தேடிக் கொடுக்க உதவுவதும் சட்டப்படி அவர் கடமை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால், மற்றவர் சொல்லி அவருக்குத் தெரியும் முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வாய்தாவைத் தவற விடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிச் சமூகத்தினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆன்லைனில் பணம் ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை கையில் காரணம் தெரியாத பொருளைப் பார்த்தால் அன்றைக்கே கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு, அடிக்காமல், திட்டாமல், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

அடுத்த வாய்தா வருகிற வாரம். பழைய வழக்கில் தண்டனை உண்டா இல்லையா என்று அன்றைக்குத் தெரியலாம், தள்ளியும் போகலாம். நேற்று சாயங்காலம் வந்திருந்தான். நோட்டில் கணக்கு எழுதி முடித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். போகும்போது கேட்டான். "டீச்சர், உள்ள போயிட்டா வந்து பாப்பீங்களா?"

"அந்தப் பதினாறு நாள்ல ரெண்டு தடவை மனு போட்டு வந்து பார்த்தேன் இல்ல? காலாப்பட்டு பஸ் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்டா. நீ தேதிக்கு ஒழுங்கா வந்து நில்லு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

பார்த்தும் பேசாமல் போன மாணவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அடுத்த முறை பார்த்தால் பக்கத்தில் வந்து உட்காரம்மா. அந்த வராந்தாவில் காத்திருக்கும் நேரம் ரொம்ப நீளம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்